இருமல் பானை

மொட்டைக்கரட்டில் ஒரு மண்பானை பதினோரு மாதம் இருமியது. எப்படி இருமியது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. இந்த ஊர் ஏன் இருமுகிறது என்று முப்பத்தொரு வருடமாக நான் அச்சடித்துக் கொடுத்த பதிலை வாங்கி வடை மடித்தவர்கள், பானை ஏன் இருமியது என்று தெரிந்துகொள்ள மட்டும் இரண்டு பஸ் மாறி வந்து என் வாசலில் நிற்கிறார்கள்.

கரடு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது மரமில்லாத பாறைக் குன்றை. எங்கள் கரட்டில் பாதியைக் கிரஷர் அரைத்து ஜல்லியாக்கி எங்கெங்கோ சாலை போட அனுப்பிவிட்டது, அரைக்கும்போது எழுந்த தூசி மட்டும் எங்கேயும் போகாமல் எங்களிடமே தங்கிவிட்டது. அது காயப்போட்ட துணியில் படிந்தது, எருமையின் முதுகில் படிந்தது, உலையில் படிந்தது, கோயில் வேலில் படிந்தது, வாத்தியார் எழுதுவதற்கு முன்பே கரும்பலகையில் படிந்தது, கடைசியில் ஆட்களின் நெஞ்சுக்குள் படிந்து அங்கே மறுபடியும் கல்லாகிவிட்டது. நான் அந்தக் கிரஷரில் பாறையில் துளை போடுகிற வேலை பார்த்தவன். ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வெளியே தள்ளினார்கள். அன்றிலிருந்து சங்கம் என் வேலை, துண்டறிக்கை என் படிப்பு.

பானை இருமத் தொடங்கிய வருடம் கிரஷர் முதலாளி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மீதிக் கரட்டையும் உடைக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு முன்னால் அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் வைக்க எங்களிடம் எக்ஸ்ரே கிடையாது, வக்கீல் கிடையாது, இருமல் மட்டும்தான் இருந்தது. நூற்று அறுபத்து மூன்று பேருடைய இருமல். பெயர், வயது, எத்தனை வருடமாக, சளி என்ன நிறம் என்று வீடு வீடாகப் போய் நானே எழுதி வைத்திருந்தேன், பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

மருதாயி கிரஷரில் ஜல்லி சலிக்கிறவள். அவள் வீட்டுக்காரர் நல்லப்பன் என்னோடு துளை போட்டவர். படுத்தால் இருமல் எழுப்பிவிடும் என்பதால் நான்கு வருடமாக அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அவருக்காகத்தான் அவள் கஷாயம் வைக்க ஆரம்பித்தாள். ஆடாதொடை பறிப்பதற்கு முந்தின நாளே செடிக்கு மஞ்சள் நூல் கட்டி, நாளைக்கு வருவேன், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வருவாள். பறித்த இலையின் நடுநரம்பை உரிப்பாள், சுக்கின் தோலைச் சுரண்டுவாள், கண்டங்கத்திரியை முள்ளோடு இடிப்பாள், திப்பிலியைக் கருகாமல் வறுப்பாள். எட்டு உழக்குத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு உழக்குக்கும் ஈர்க்குச்சியில் ஒரு கீறல் போட்டு, எட்டாவது கீறலில் நின்ற தண்ணீர் முதல் கீறலுக்கு இறங்கும்வரை அடுப்பை விட்டு எழமாட்டாள், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள். செய்கிற வேலையில் ஒழுங்கு வைத்திருக்கிற யார் மேலும் எனக்கு மரியாதை உண்டு. எனக்குப் பொறுக்காதது கடைசியில் அவள் செய்ததுதான். கஷாயத்தை வடிகட்டிவிட்டு, சக்கையை எடுத்துப் போய் முச்சந்தியில் கொட்டினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் ஒருநாள் அவளை அங்கேயே மறித்தேன்.

"இதை எதுக்கு அம்மிணி நடுரோட்டுல கொட்டறே?"

"மூணு ரோடு கூடுற எடத்துல கொட்டுனா, மிதிக்கறவங்க காலோட நோவு போயிருமுங்ண்ணா."

"யாரு காலோட?"

"போறவங்க வாரவங்க காலோடதான்."

"பஸ்ஸுக்கு நிக்கற பிள்ளைங்க காலோடயா? முதலாளி அவன் தூசியை நம்ம தலையில கொட்டறான். நீ உன் நோயை அடுத்தவன் காலுல கொட்டறே. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் கையிலிருந்த சக்கையைப் பார்த்தாள், பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். "இது எனக்குத் தோணலைங்ண்ணா. இனிமே வெளிய கொட்டல," என்றாள். நான் அதோடு விட்டிருக்கலாம். விடாமல், 'முச்சந்தியில் நோயைக் கொட்டாதீர்' என்று ஐந்நூறு துண்டறிக்கை அடித்தேன். என் வாழ்நாளில் இந்த ஊர் மறுபேச்சில்லாமல் கேட்ட துண்டறிக்கை அது ஒன்றுதான்.

மருதாயி சொன்ன சொல் மாறாதவள். அன்றைய சக்கையை ஒரு பழைய பானையில் போட்டு, தட்டு மூடி, நாற்றம் வெளியே வராமல் இருக்க விளிம்பைச் சுற்றிச் சீலைமண் பூசினாள். துணியைக் குழைத்த மண்ணில் தோய்த்துச் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள், புடம் போடுகிறவர்கள் செய்வது. மூன்றாவது நாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்குப் பின்னால் நல்லப்பன் இருமுவது கேட்டது. "அடுப்பங்கரையில வந்து எதுக்கு இருமறீங்க, அக்கட்டப் போங்க," என்று திரும்பாமலே சொன்னாள். மறுபடியும் இருமல். திரும்பினால் அவர் இல்லை. வெளி அறையில் நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இருமியது பானை. அவள் அரிசியை உலையில் போட்டுவிட்டு, பானையைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தாள், வழியில் கால் இடறாமல் இருக்க.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க மருதாயி வாசலில் டம்ளரோடு நின்றது. குடித்தவர்களின் இருமல் ஒவ்வொன்றாக, மூடி பூசியிருந்த அதே பானைக்குள் போய்ச் சேர்ந்தது. டீக்கடைக்காரரின் வறட்டு இருமல் போனது, பள்ளி ஆயாவின் மூன்று அடுக்கு இருமல் போனது, பஞ்சாயத்துத் தலைவரின் தொண்டைச் செருமலும் இருமல் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனது. ஊரைப் பற்றி நான் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இருமுகிற பானையைக் கண்டு ஒருவராவது பயந்தார்களா என்றால் இல்லை. யார் வீட்டில் வைப்பது என்றுதான் சண்டை போட்டார்கள். மருதாயி வீட்டில் சத்தம் தாங்கவில்லை. கோயிலில் வைக்கலாம் என்றால், பூசாரி தீபாராதனை நேரத்தில் இருமும் என்றார். பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்றால், தலைமையாசிரியர் வருகைப் பதிவேடு கூப்பிடும்போது குழப்பம் வரும் என்றார். கடைசியில், பொதுப்பொருள் பொது இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கே என் பேச்சைத் திருப்பிச் சொல்லி, சங்கத்தின் ஒற்றை அறையில் கொண்டுவந்து என் மேசைக்கு எதிரில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

நான் பதினோரு மாதம் அதன் எதிரில் உட்கார்ந்து துண்டறிக்கை எழுதினேன். விடியற்காலை நாலரைக்கு நல்லப்பன் இருமல் கிளம்பும், அதைக் கேட்டுத்தான் பால்காரர்கள் எழுந்தார்கள். குளிர்காலத்தில் பெண்கள் வந்து பானைக்குச் சாக்குப் போர்த்தினார்கள். "என்ற மாமியாரோடது ரெண்டு நாளாச் சத்தமே காணோம், உள்ளாற இருக்குதா பாருங்க" என்று ஒருத்தி கேட்பாள்; "உங்க ஊட்டுக்காரரு கத்தறதுல எங்க அப்பனோடது கேக்கவே மாட்டீங்குது" என்று இன்னொருத்தி சண்டைக்கு வருவாள். ஒருமுறை தட்டுக்கு அடியில் மண் விரிசல் விட்டு நான்கு இருமல்கள் வெளியே போய்விட்டன. ஆடு மாடு அடைவதைப் போல அவை தெருவில் இறங்கி நேராகச் சொந்த வீடுகளுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நெஞ்சில் ஏறிக்கொண்டன. மருதாயி வந்து மண் பூசினாள், நான்கு பேரும் மறுபடி கஷாயம் குடித்தார்கள், அவ்வளவுதான். திறந்தால் உரியவரிடம் போய்ச் சேரும் என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது.

கிரஷர் முதலாளிக்கு இந்தச் சமாச்சாரம் கேட்டு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு டிராக்டர் விறகும் மூன்று மூட்டைக் கருப்பட்டியும் மருதாயி வீட்டுக்கு அனுப்பினார். பஸ் நிற்கும் இடத்தில் 'இருமலில்லா மொட்டைக்கரடு' என்று தன் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார். அந்த ஃபிளெக்ஸைத் தினமும் காலையில் துடைக்க ஒரு ஆள் போட்டிருந்தார், துடைக்காவிட்டால் பத்து மணிக்குள் தூசியில் அவர் முகம் மறைந்துவிடும். இதைக் காட்டி நான் கத்தினேன். "இருமல் போச்சுன்னா தூசி போச்சுன்னு அர்த்தமா? உள்ள போன கல்லு உள்ளதானே இருக்கு?" டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தோழருக்கு மட்டும்தான் இன்னும் இருமல் இருக்குது, அதான் வயித்தெரிச்சல்," என்றார் கடைக்காரர்.

"ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டு வந்து பேசுங்க," என்றான் இன்னொருவன்.

நான் குடிக்கவில்லை. பட்டியலில் நூற்று அறுபத்து மூன்றில் ஒன்றாவது கூட்டத்துக்கு மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது மாதம் சென்னியப்பன் இறந்தான். நாற்பத்து நான்கு வயது, நல்லப்பனுக்கு அடுத்து துளை போடப் போனவன். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். முன்னெல்லாம் எங்கள் ஊரில் ஒருவர் சாவது ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும். இருமல் கனக்கும், ரத்தம் வரும், வேலையை விட்டு நிறுத்துவார்கள், சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். கஷாயம் குடித்த நாளிலிருந்து சென்னியப்பன் ஒருமுறைகூட இருமவில்லை. அவன் மனைவி பூவாத்தாள் பால் சொசைட்டியில் அளவு போடுகிறவள், கிரஷர் பக்கமே போகாதவள். "நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தாரு, சத்தமே இல்லையே" என்பதைத் தவிர அவளுக்கு அழுவதற்கு வேறு சொல் இல்லை.

மறுநாள் பட்டியலில் அவன் பெயரை அடித்து நூற்று அறுபத்து இரண்டு என்று திருத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் பானைக்குள் சென்னியப்பன் இருமினான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் ஒரு சின்ன விசில். உயிரோடிருந்தபோது எப்படியோ அப்படியே. அதன்பின் பூவாத்தாள் தினமும் சொசைட்டி வேலை முடிந்ததும் வந்து, பானைக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மருதாயி வீட்டுக்குப் போனேன். நல்லப்பன் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பானையைத் திறந்துரு அம்மிணி. கூட்டத்துல ஒருத்தனும் இருமாம உக்காந்திருந்தா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி வெடி வெச்சுருவான்."

அவள் ஈர்க்குச்சியில் கீறல் போட்டுக்கொண்டே சொன்னாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் சக்கையை ஊட்டுல வெச்சேன். இப்பத் தொறக்கச் சொல்றீங்க. அன்னைக்கு முச்சந்தியிலயே கொட்ட உட்டிருந்தா இந்தப் பஞ்சாயத்தே இல்லையல்லங்ண்ணா?"

நான் நல்லப்பன் பக்கம் திரும்பினேன்.

"அவரு தூங்கறாரு, பாருங்க," என்றாள். "நாலு வருசம் நானும் கூடவே உக்காந்திருந்தேன். என்னால முடியாது."

அடுப்பு மூட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவள் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதலாளி செலவில் பஜ்ஜியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள், எங்கள் ஆட்களும் வாங்கித் தின்றார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஒரு ஜல்லிக்கல் வைத்திருந்தார்கள், அவருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தர். நான் எழுந்து முப்பத்தொரு வருடத்தையும் பேசினேன். நடுவில் மூன்று முறை இருமினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வயசாச்சுங்க ஐயா, உக்காந்து பேசுங்க," என்றார். பிறகு என் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள், அதிலும் அதிகாரி முன்னால்.

"இருமல் இருக்கா?"

"இல்லைங்க."

"உங்களுக்கு?"

"இருந்துச்சுங்க. இப்ப இல்லைங்க."

நாற்பது பேர் இப்படி எழுந்து உட்கார்ந்தார்கள். முதலாளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க. நாற்பத்தோராவது பெயர் நல்லப்பன்.

அவர் மெதுவாக எழுந்தார். "இருக்குதுங்க," என்றார்.

"எங்கே, இருமலையே?"

"என்கிட்ட இல்லைங்க. சங்கத்து ரூம்புல பானையில இருக்குது. எல்லாத்துதும் அங்கதான் இருக்குது. எங்க ஊட்டுக்காரியை எடுத்தாரச் சொல்றேன், பாத்துப்போட்டு எழுதுங்க."

பெண்கள் பக்கத்தில் இருந்த மருதாயி எழுந்து நின்றாள். அத்தனை பேர் நடுவில் அவளும் அவரும் மட்டும் இருப்பதுபோல் பேசிக்கொண்டார்கள்.

"மறுபடி செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டே இருக்கோணும்."

"உக்காந்துக்கறேன். சென்னியப்பன் படுத்தான், எந்திரிக்கவே இல்லையே."

அவள் வெளியே போனாள். திரும்பி வந்தபோது பானை இடுப்பில் இருந்தது, தண்ணீர் எடுத்துவருகிற மாதிரிதான் வந்தாள், அது வழியெல்லாம் இருமிக்கொண்டு வந்தது. மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தாள். "வேண்டாங்கறவங்க இப்பவே சொல்லிப்போடுங்க," என்றாள். டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு நேர் எதிரில் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். காகிதங்கள் மேல் இருந்த ஜல்லிக்கல்லை எடுத்து மருதாயி சீலைமண்ணை நான்கு பக்கமும் தட்டி உடைத்து, தட்டைத் தூக்கினாள்.

முதலில் வந்தது நல்லப்பன் இருமல், அதுதான் உள்ளே போனதிலும் முதல். அது அவரைத் தேடவே இல்லை, நேராகப் போய் நெஞ்சில் ஏறியது, அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு பள்ளி ஆயாவின் மூன்று அடுக்கும் மூன்று தடவையாக வந்து சேர்ந்தது, டீக்கடைக்காரருடையது பஜ்ஜியோடு கலந்து அவரைக் குனிய வைத்தது, மாமியார்களுடையதும் அப்பன்களுடையதும் வந்தது, இரண்டு இருமல் ஆள் மாறி ஏறி மன்னிப்புக் கேட்பதுபோல் இறங்கி இடம் மாறிக்கொண்டன, பஞ்சாயத்துத் தலைவரின் செருமல் கடைசி வரிசையில் அவரைக் கண்டுபிடித்தது, மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்து அதன் மேல் படிந்திருந்த தூசியெல்லாம் எங்கள் மேல் இறங்கியது. எழுத்தர் எழுத முடியாமல் கோடு போட்டுக்கொண்டே போனார்.

எல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரு இருமல் காற்றில் இருந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, சின்ன விசில். அது ஆண்கள் வரிசை முழுக்கத் தேடியது. காலி நாற்காலிகளிடம் நின்று நின்று போனது. முதலாளியின் பக்கத்தில் போனபோது அவர் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். அது என்னிடமும் வந்தது. என்னிடம் இடம் இல்லை, என் நெஞ்சில் ஏற்கெனவே என் சொந்த இருமல் குடியிருந்தது. அப்போது பூவாத்தாள் எழுந்து, சொசைட்டியில் கேன் தூக்கக் கை நீட்டுகிற மாதிரி கை நீட்டி, "இக்கட்ட வாங்க," என்று சொல்லி வாயைத் திறந்தாள். அது போய்விட்டது. அவள் இருமினாள். ஒரு ஆணின் இருமல், துளை போடுகிறவனின் இருமல்.

எழுத்தர் தலை நிமிராமல், "பேரு?" என்றார்.

"சென்னியப்பன்."

"வயசு?"

"நாப்பத்தி நாலு."

எழுதிவிட்டார்.

அனுமதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நூற்று அறுபத்து இரண்டு பேரின் இருமலைப் பற்றி அவர்கள் ஒரு வரியில், 'பருவநிலை காரணமாக இருக்கலாம்' என்று முடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடப் போகும்போது மேலே ஒருவர் பதிவேட்டைச் சரிபார்த்தார். எட்டாவது மாதமே இறப்புச் சான்று வாங்கிய சென்னியப்பன் பதினோராவது மாதம் கூட்டத்துக்கு வந்து இருமியது எப்படி என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் வரும்வரை கோப்பை மூடவும் முடியாது, அனுமதி கொடுக்கவும் முடியாது. மூன்று வருடம் ஆகிறது. நான்கு முறை பூவாத்தாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், நான்கு முறையும் அவள் பஸ் ஏறிப் போய் மேசை முன்னால் நின்று இருமிக் காட்டினாள். அவர்களே கூட்டிவந்த டாக்டர் காது வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இருமல் மட்டும் பத்து வருடம் துளை போட்ட ஓர் ஆணுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரடு அப்படியே நிற்கிறது. முப்பத்தொரு வருடம் நான் சேர்த்துக் கொடுத்த உண்மைகளில் ஒன்றுகூட அந்தக் கோப்பை ஒரு நாள் நிறுத்திவைக்கவில்லை.

பழைய பாதியில் கிரஷர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நல்லப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மருதாயி மறுபடியும் கஷாயம் வைக்கிறாள், கொஞ்சம் நீர்த்து வைக்கிறாள், இருமல் தணிகிறது, போவதில்லை. சக்கையைக் காலையில் கிரஷர் வாசலில், முதலாளியின் கார் திரும்புகிற இடத்தில் கொட்டிவிட்டு வருகிறாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறேன்.

போன வாரம் நான் அவள் வாசலில் டம்ளரோடு நின்றிருந்தேன். ஆமாம், இப்போது நானும் குடிக்கிறேன். பூவாத்தாள் சைக்கிளில் அந்த வழியாக வந்தாள், ஐந்தாவது கடிதத்தைக் காட்டி அடுத்த வாய்தா என்றைக்கு என்று படித்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் இருமினாள், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மருதாயி ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"எனக்கு வேண்டாமுங்க்கா," என்றாள் பூவாத்தாள், கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே. "இவரு இன்னும் சாட்சி சொல்லி முடிக்கலை."